சேறு விழுங்காத கட்டில்

தொழிற்சாலையில் நைரீ ட்ரெலோருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் "முடியாது நைரீ". அது அவளுக்கும் தெரியும். ஒரு பிறந்தநாளன்று கேக்கின் மேலேயே அதை எழுதிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் கத்தியை வாங்கி, "முடியாது" என்ற பகுதியை மட்டும் வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "மிச்சத்த நீங்க தின்னுங்க" என்றாள்.

பிறந்தது வெஸ்ட்போர்ட்டில். மழை விட்டால் நிலக்கரித் தூசி, தூசி அடங்கினால் மழை. பொறியியல் படிக்க மலையைத் தாண்டி கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்தபோது வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். "நர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாமே" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். "ரத்தம் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆம்பளைங்க அலட்டல் பாத்தாதான் மயக்கம் வருது" என்றாள். தேர்ச்சி பெற்றாள். ஒரு கணவன் இருந்தான், போய்விட்டான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அவள் அம்மாவைப் பற்றி. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை நைரீ வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். காலையில் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். படுத்த உடம்பை எடை பார்ப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துணித்தூளியில் கட்டி, இயந்திரத்தில் அந்தரமாகத் தூக்குவார்கள். பயந்த மனிதர் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பார், பெரும்பாலும் தூக்குகிறவரின் தலைமயிரை. அம்மா போன பிறகு ஒருநாள் நைரீ முதலாளியிடம் கேட்டாள்: "ஆட்டுக்குத் தராசு செய்யறோம், மாட்டுக்குச் செய்யறோம். படுத்த கட்டிலே எடை சொல்ற மாதிரி ஒண்ணு ஏன் செய்யக்கூடாது?"

முதலாளி டேரல் ஸ்டோபி. ஹார்ன்பி பகுதியில், கூரைத்தகடு போட்ட கொட்டகையில், இருபது பேரை வைத்து எடைக்கருவி செய்தான். முதலாளி என்று யாரும் எழுந்து நிற்பதில்லை. நைரீயும் அவனும் ஒரே பட்டறையில் சேர்ந்து வளர்ந்தவர்கள், நீ வா போ என்றுதான் பேச்சு. அவன் பெருமை ஒன்றே ஒன்று: சேறு விழுங்கி.

சேறு விழுங்கி என்பது தராசுக்குள் ஓடும் ஒரு கணினி நிரல். ஆட்டுத் தராசின் மேடையில் நாள் முழுக்கச் சேறும் புழுக்கையும் அப்பிக்கொண்டே போகும். காலையில் பூஜ்யம் காட்டிய தராசு மத்தியானம் ஒன்றுமில்லாமலே இரண்டு கிலோ காட்டும். டேரல் இளைஞனாக இருந்தபோது அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். மெல்ல மெல்ல ஏறுவது சேறு, சட்டென்று ஏறுவது ஆடு. மெல்ல ஏறுவதைக் கருவி தானே விழுங்கிவிட்டு மறுபடி பூஜ்யம் காட்டட்டும். தென்தீவு முழுக்க மேய்ச்சல்காரர்கள் அந்தத் தராசை வாங்கினார்கள். கொட்டகையே அதன்மேல் நின்றது.

கட்டிலை நைரீ வடிவமைத்தாள். நான்கு காலுக்கும் கீழே எடை உணரிகள். ஆள் படுத்தால் உணரிக்குள் இருக்கும் உலோகம் துளி வளையும், அந்த வளைவு துளி மின்னழுத்தமாக வரும். மிகச் சின்ன அழுத்தம். அதை எண்ணாக்கித் தருவது மாற்றி என்ற சிப்பு. இந்த வேலையில் கஷ்டமான எண் நூறு கிலோவோ இருநூறு கிலோவோ என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். கஷ்டமானது பூஜ்யம். யாருமே படுக்காத கட்டில் "யாருமில்லை" என்று சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் அதையே சொல்ல வேண்டும். பூஜ்யம் அரைக் கிலோ தள்ளி நின்றால், அதன்மேல் அடுக்கும் எல்லா எடையும் அரைக் கிலோ பொய்.

நைரீயின் கட்டில் அந்தப் பொய்யைத்தான் சொன்னது. நான்கு கட்டில்களை நகரத்து மருத்துவமனையின் இதய வார்டில் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். காலையில் சரி. மத்தியானத்துக்கு மேல் வெறுங்கட்டில் முந்நூறு கிராம், நானூறு கிராம் என்று ஏறும். சில நாள் ஏறாது. மாத முடிவில் மருத்துவமனையின் கொள்முதல்காரி ஜுடித் அல்லர்டைஸ் வந்து பார்த்து, வாங்குவதா வேண்டாமா என்று சொல்லப்போகிறாள்.

"வடமேற்குக் காத்து" என்றான் டேரல். கிறைஸ்ட்சர்ச்சில் எது கெட்டாலும் அந்தச் சூட்டுக் காற்றின் மேல் பழிபோடுவது வழக்கம். "அது அடிச்சா இந்த ஊர்ல புருஷன் பொண்டாட்டியே தடுமாறுறாங்க. கட்டில் தடுமாறினா என்ன? சேறு விழுங்கியப் போட்டுடு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்."

"முடியாது."

"ஆரம்பிச்சிட்டா பாரு. ஆட்டுக்குச் சரியா இருந்தது மனுஷனுக்கு ஆகாதா?"

"ஆடு ஒரு நொடி நின்னுட்டு ஓடிடும். மனுஷன் அதுமேலயே நாள்கணக்கா படுத்துக் கிடப்பான். இதயம் சரியில்லாதவனுக்கு உடம்புல நீர் கோக்கும். எப்படிக் கோக்கும்? மெல்ல மெல்ல. உன் நிரல் அத என்னன்னு நினைக்கும்?"

பதிலையும் நைரீயே சொன்னாள்.

"சேறுன்னு நினைக்கும். முழுங்கிடும். டாக்டர் பாத்தா எடை அப்படியே இருக்கும், ஆள் மூச்சு முட்டிக் கிடப்பான்."

"பயமுறுத்தாத. நர்ஸுங்க கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

"அவங்க கண்ண நம்பறதா இருந்தா நம்ம கட்டில் எதுக்கு? வடிவமைச்சவ கையெழுத்து என்னோடது. அது கீழ இந்த நிரல் போனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அப்ப பூஜ்யத்த நிறுத்து. ஜுடித் வர்றதுக்குள்ள நிறுத்து. இல்லன்னா சேறு விழுங்கி போகும், கையெழுத்த நானே போட்டுக்கறேன்."

"ஒத்துக்கறேன்" என்றாள் நைரீ.

அன்றே வார்டுக்குப் போனாள். பொறுப்பு நர்ஸ் மெலே ஃபிஃபிடா. டோங்கா தீவுக்காரி, நல்ல ஆகிருதி, கேலிக்குக் குறைவில்லை.

"வந்துட்டாங்க கட்டில் டாக்டர்! உங்க பேஷன்ட் நாலு பேரும் படுத்தே இருக்காங்க, எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க" என்றாள் மெலே.

"சாப்பிடறாங்களா?"

"கரண்ட மட்டும்."

நைரீ வெறுமையாக இருந்த கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த சோதனைக் கட்டிலில் வின்ஸ் கார்கொரன் என்ற கிழவர், ஓய்வுபெற்ற ரயில்காரர், இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? ஆளில்லாத கட்டிலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? செத்துப்போனவங்களுக்குச் சொந்தமா?"

"கட்டிலுக்குத்தான் சொந்தம்."

"என் கட்டிலயும் கொஞ்சம் பாரு. மெத்தை கல்லு மாதிரி இருக்கு."

எண் அசையவில்லை. மத்தியானம் ஒரு உதவியாளர் வந்து, படுக்கையை விரித்து, கனத்த கம்பளியை மடித்துக் கால்மாட்டில் போட்டார். கம்பளியின் ஓரம் வழிந்து கீழே தொங்கியது. கட்டிலுக்கு அடியில் மாட்டியிருந்த மின்னணுப் பெட்டியை மூடிக்கொண்டது. நைரீ கம்பளியின் எடையைக் கழித்துக் குறித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் எண் நகர ஆரம்பித்தது. கம்பளியைத் தூக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வடமேற்குக் காற்றாவது மண்ணாவது. பெட்டிக்குப் புழுங்குகிறது, அவ்வளவுதான்.

பட்டறைக்குத் திரும்பி ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். பூஜ்யம் தவறினால் எல்லோரும் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மாற்றியின் இரண்டு நுழைவுக் கால்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பது. உள்ளே ஒன்றும் வரவில்லை என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். அதை அவள் முன்பே பலமுறை செய்தாயிற்று, சூடேற்றியும் செய்தாயிற்று. பாறை போல நின்றது. அந்தச் சிப்பு தன் சொந்தப் பிழையை உள்ளுக்குள்ளேயே புரட்டிப் புரட்டிக் கழித்துக்கொள்ளும் ரகம். அதனால்தான் இத்தனை நாளும் "சிப்பு சுத்தம், உணரிதான் மோசம்" என்று உணரி விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பார்த்தால் அது வாசலைப் பூட்டிவிட்டு, திருடன் வரவில்லை என்று சொன்ன கதை. பிழை வாசலுக்கு வெளியே இருந்தால்?

உணரியின் கம்பிகள் வந்து சேரும் இணைப்பானின் ஒரு காலில் விரல் நுனியை வைத்து அழுத்தினாள். விரல் சூடுதான், வேறொன்றுமில்லை. எண் ஏறியது. அடுத்த காலில் வைத்தாள். எண் இறங்கியது. மறுபடி முதல் கால். ஏறியது.

"அட நாசமாப் போன முண்டமே" என்றாள். சொன்னது தன்னைத்தான்.

இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டுகிற இடம் சூடானால் அங்கே தானாக ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். இரண்டு கால்களும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒன்று மட்டும் அதிகம் சூடானால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை மாற்றி உண்மையான எடை என்று நம்பி எண்ணிவிடும். பாவம், அதற்கு என்ன தெரியும்? மின்சுற்றுப் பலகையின் வரைபடத்தை விரித்தாள். இணைப்பானை ஒட்டி, ஒரு காலுக்கு மட்டும் அருகில், மின்சாரத்தைச் சீராக்கும் பாகம் உட்கார்ந்திருந்தது. தோசைக்கல் போலக் கொதிக்கிற பாகம். பெட்டி சின்னதாக வேண்டும் என்று டேரல் கேட்டான். அவள்தான் அதை நகர்த்தி அங்கே வைத்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்லாமல் விட்டதன் பலன்.

கொதிக்கும் பாகத்தை மாற்றியின் மறுபக்கத்துக்குத் தள்ளினாள். இணைப்பானின் இரண்டு கால்களையும் சுற்றித் தாமிரம் பரப்பி ஒரே சூட்டில் நிற்க வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாளை இன்னொருவன் கம்பளியை இன்னொரு விதமாகப் போடுவான். ஆகவே நிறுக்கும் முறையையே மாற்றினாள்.

சந்தையில் தராசின் மேல் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்வோம்? கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்து இன்னொரு முறை நிறுக்கச் சொல்வோம். அதேதான். உணரிக்குக் கொடுக்கும் மின்சாரத்தை ஒருமுறை நேராகக் கொடுத்து எண்ணை எடுத்தாள். பிறகு திருப்பிப் போட்டு எடுத்தாள். மின்சாரம் திரும்பினால் எடையால் வரும் அழுத்தமும் தலைகீழாகும். சூட்டில் பிறந்த பொய் திரும்பாது. அதற்கு இந்த மின்சாரத்தோடு உறவே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் எடை நிற்கும், பொய் போகும். திருப்பியவுடன் வரும் முதல் சில எண்கள் இன்னும் அடங்காத எண்கள். அவற்றைத் தூக்கிப் போட வேண்டும். அதனால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும்.

கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. தவறு யாருடையது என்று தெரிந்தால், மறுநாள் காலைத் தேநீருக்கு அவர்தான் தின்பண்டம் கொண்டுவர வேண்டும். நைரீ இஞ்சிப் பாகு பூசிய பிஸ்கட் துண்டுகளை ஒரு பெரிய தட்டு நிறையச் செய்து கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"தப்பு என்னோடது. சூட்டுப் பாகத்த வாசல்ல வச்சேன். இப்ப சரி பண்ணிட்டேன். தின்னுங்க."

எல்லோரும் பாய்ந்தார்கள். டேரல் மட்டும் எடுக்கவில்லை.

"பதில் வர எவ்வளவு நேரம்?"

"நாலு செகண்டு."

"மத்த கம்பெனிக்காரன் ஒரு செகண்டுல காட்டறான்."

"காட்டட்டும். மெலேகிட்ட கேட்டேன். ஒரு ஆளப் புரட்டிப் படுக்க வைக்கவே பத்து நிமிஷம் ஆகுது, நாலு செகண்டுல என் கொள்ளுப்பேரன் கல்யாணமா நின்னுபோகுதுன்னு கேக்கறா."

சிரிப்பு எழுந்தது. டேரல் சிரிக்கவில்லை. அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

புதிய பலகை ஒன்றைக் கொண்டுபோய் வெறுங்கட்டிலில் பொருத்தினாள். மற்ற மூன்றுக்கும் பலகைகள் தயாராகிக்கொண்டிருந்தன. ஜுடித் வருவதற்கு முந்தைய நாள் தொலைபேசி அடித்தது. மெலே. குரலில் கேலி இல்லை.

"நைரீ, வின்ஸோட கட்டில என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. ஏன்?"

"நாலு நாளா ஒரே எடை காட்டுது. கிராம் கூட அசையல. அற்புதமா இருக்குன்னு டாக்டர் நீர் இறக்கற மாத்திரையக் குறைச்சுட்டாரு. இன்னிக்குக் காலைல கணுக்கால்ல கட்டைவிரல வச்சு அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நிக்குது. சந்தேகப்பட்டு நாற்காலித் தராசுல தூக்கி உக்கார வச்சேன். மூணு கிலோ கூட இருக்காரு. எல்லாம் தண்ணி. உங்க கட்டில நம்பியிருந்தா மனுஷன் படுக்கையிலயே முழுகியிருப்பாரு."

நைரீ சொல்லவேண்டியதைச் சொன்னாள். "டாக்டர்கிட்ட உடனே சொல்லு. நாலு கட்டில்லயும் எண்ணத் துணியப் போட்டு மூடு. நான் சொல்ற வரைக்கும் எல்லாரையும் நாற்காலித் தராசுலயே நிறு."

பிறகு டேரலின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"போட்டுட்ட இல்ல?"

அவன் மறைக்கவில்லை. "மூணு கட்டில்ல போட்டேன். உன் பலகை வர்றதுக்குள்ள எண் ஆடினா ஜுடித் சிரிப்பா. ஒரு வாரத்துக்குத்தானே."

"அதுல நாலே நாள்ல ஒரு கிழவனுக்கு மூணு கிலோ தண்ணி ஏறிடுச்சு."

டேரல் உட்கார்ந்துவிட்டான். "எப்படி இருக்காரு?"

"மெலே பாத்துட்டா. பொழச்சுக்குவாரு. நாளைக்கு ஜுடித்கிட்ட சொல்லணும்."

"சொல்லலாம்... ஆனா வாங்கின பிறகு சொல்லலாமே? மூணையும் நாளைக்கே அமைதியா மாத்திடுவோம். யாருக்கும் கெடுதல் இல்ல. சொன்னா மருத்துவமனை வியாபாரமே போச்சு, நைரீ. இருபது பேரு சோறு."

"முடியாது."

"உன்ன வேலைய விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்."

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அனுப்பு. காலைல எனக்கு வேலை இருக்கு."

மறுநாள் மெலே மாடி மூலையில் காலி அறை ஒன்றைத் திறந்துவிட்டாள். இரண்டு கட்டில்கள்: சேறு விழுங்கி ஓடும் கட்டில் ஒன்று, நைரீயின் புதிய பலகை ஓடும் கட்டில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மணல்மூட்டை, ஒரு காலி வாளி. கட்டிலைத் தொடாமல் தரையில் நின்ற கம்பங்களில் உப்புநீர்ப் பைகளைத் தொங்கவிட்டு, குழாயை வாளிக்குள் விட்டு, துளித்துளியாக இறங்க வைத்தாள். இரண்டு பெட்டிகளின் மேலும் கம்பளியைப் போட்டு மூடினாள் நைரீ.

ஜுடித் அல்லர்டைஸ் வந்தாள். ஒல்லியான, சளசளக்காத பெண். டேரல் படங்களைக் காட்டி, விலையைச் சொல்லி, ஒரு மணி நேரம் பேசினான். துளி விழுந்துகொண்டே இருந்தது.

"இதுல எது நல்ல கட்டில்?" ஜுடித் கேட்டாள். "இந்த இடதுபக்கத்து எண் நான் வந்ததுலேருந்து ஆடவே இல்ல. இது ஏறிக்கிட்டே போகுது."

"அது ஏறணும்" என்றாள் நைரீ. "வாளிய எட்டிப் பாருங்க."

ஜுடித் எட்டிப் பார்த்தாள். இரண்டு வாளியிலும் ஒரே அளவு தண்ணீர். வலதுபக்கக் கட்டில் அதைக் கிராம் சுத்தமாகச் சொன்னது. இடதுபக்கக் கட்டில் ஒரு துளியும் வரவில்லை என்று சாதித்தது.

"இந்த ஆடாத கட்டிலோட சேத்து, இப்படி மூணு கட்டில் உங்க வார்டுல ஓடுது" என்றாள் நைரீ. "இதால ஒரு நோயாளிக்கு மாத்திரை குறைஞ்சது. நர்ஸ் மெலே கண்டுபிடிச்சாங்க. நான் கையெழுத்துப் போடல, ஆனா வடிவமைச்சது நான்தான். அதனால நானே சொல்றேன். இது பூஜ்யம் இல்ல. பூஜ்யம் மாதிரி நடிக்குது."

ஜுடித் டேரலைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

அவன் இடதுபக்கப் பெட்டியின் மேலிருந்த கம்பளியை எடுத்தான். "நான்தான் போட்டேன்" என்றான்.

"நான் இத எழுதி மேல அனுப்பணும். வாங்கறதப் பத்தி இன்னிக்கு ஒண்ணும் பேசறதுக்கில்ல" என்றாள் ஜுடித். பையை எடுத்தவள் வலதுபக்கக் கட்டிலைக் காட்டினாள். "அந்த மூணு கட்டிலும் இன்னிக்கே வார்ட விட்டுப் போகணும். இது மட்டும் இருக்கட்டும். கூடவே நாற்காலித் தராசும் இருக்கட்டும். ஆறு மாசம் ரெண்டையும் ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன்." போய்விட்டாள்.

மெலே குழாயை மூடினாள்.

"உன்ன நான் அனுப்பணும், நைரீ" என்றான் டேரல். கோபம் இருந்தது. அதற்குக் கீழே வேறென்னவோவும் இருந்தது. அதைப் பார்க்க நைரீக்கு நேரமில்லை.

"அனுப்பு. வின்ஸ் முதல்ல வேற கட்டிலுக்குப் போகணும். மெலே, தூளி எங்க இருக்கு?"

"மூணாம் அலமாரி."

"டேரல், கோட்டைக் கழட்டு. நீ அவர் கால் பக்கம். தூக்கும்போது உன் தலைமயிரப் பிடிப்பாரு, கத்தாத."

டேரல் கோட்டைக் கழற்றி, ஆடாத எண்ணின் மேல் போட்டுவிட்டு, அவள் பின்னால் நடந்தான்.